இரும்புத் தாதுக் கழிவும் நுரை மிதப்பும்

இரும்புத் தாதுவைச் செறிவூட்டியபின் எஞ்சும் குழம்பை அணைகட்டித் தேக்கிவைப்பது நெடுநாள் வழக்கம். பிரேசிலின் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில் இத்தகைய இரு அணைகள் உடைந்தன. 2015 நவம்பரில் மரியானா அருகே 19 பேரும், 2019 ஜனவரியில் புருமாடின்யோவில் 270 பேரும் உயிரிழந்தனர். கழிவில் கிடக்கும் இரும்பை நுரை மிதப்பால் மீட்டுவிட்டால் அணையின் பாரமும் குறையும், வருவாயும் கிடைக்கும் என்ற வாதம் இந்தப் பின்னணியில் ஈர்ப்புடையது. அதில் பாதிதான் சரி.

ஹேமடைட் எனும் இரும்புத் தாதுவில் பெரும்பாலும் மிதக்கவிடப்படுவது இரும்பு அல்ல, மணல். காரத்தன்மை பிஎச் 10 அளவில் இருக்கும்போது அந்த மணலான குவார்ட்ஸ் துகளின் மேற்பரப்பு எதிர்மின்னேற்றம் கொண்டிருக்கும். ஈதர் அமீன் என்ற மிதப்பு மருந்து அதில் ஒட்டி, நீரை வெறுக்கும் மேலுறையாகிறது. அமீன் ஹேமடைட்டிலும் ஒட்டக்கூடியதே. அதனால் காஸ்டிக் சோடாவில் கரைத்த மக்காச்சோள மாவை முன்னதாகச் சேர்த்து இரும்புத் துகளை மூடிவிடுகிறார்கள். காற்றுக்குமிழி மணலைத் தூக்கிச் செல்ல, இரும்பு அடியில் நிற்கிறது. சிக்கல் நுண்சேற்றில் வருகிறது. ஏறத்தாழ 10 மைக்ரானுக்குக் குறைந்த துகளுக்கு எடை போதாது; குமிழியில் மோதாமல் நீரோட்டத்தோடு சுற்றிப் போய்விடும். மேற்பரப்பு மிகுதியால் மருந்தையும் விழுங்கும். ஆகவே ஆலைகள் மிதப்புக்கு முன்பே சேற்றைச் சைக்ளோனில் பிரித்துக் கழிவுக்கு அனுப்புகின்றன. கூடவே இரும்பும் போகிறது. மிதப்பு ஆலையின் கழிவில் இரும்பு இருப்பதற்குக் காரணம், மிதப்பு முன்பே அதனிடம் தோற்றதுதான். அதே வழியை மீண்டும் நாடினால் பலன் சொற்பம். மணலோடு ஒட்டிப்பிறந்த துகளென்றால் மறுபடி அரைக்க வேண்டும். சேறென்றால் வலுவான காந்தப் பிரிப்போ, அமெரிக்காவின் டில்டன் சுரங்கம் 1974 முதல் கையாண்ட, இரும்புத் துகளை மட்டும் திரட்டும் தேர்வுத் திரளாக்கமோ தேவை. ஆனால் மிதப்பு முறையே கண்டிராத பழைய ஆலைகளின் பருமணல் கழிவில் மிதப்பு நன்றாக வேலை செய்யும்.

தோண்டி, உடைத்து, அரைத்த செலவு முன்பே முடிந்துவிட்டதே என்பார்கள். உண்மைதான்; ஆனால் அந்த அரைப்பே சேற்றையும் பெருக்கியது என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். அணை காலியாகும் என்ற எதிர்பார்ப்பைக் கணக்கு இன்னும் கடுமையாக மறுக்கிறது. 30 சதவீதம் இரும்புள்ள 100 டன் கழிவில், இரும்பில் 60 சதவீதத்தை 65 சதவீதச் செறிவில் மீட்டதாகக் கொள்வோம். கையில் வருவது சுமார் 28 டன்; மீதி 72 டன் அங்கேயே கிடக்கும். வாலே சுரங்க நிறுவனம் செய்வதுபோல் மணலைக் கட்டுமானத்துக்கு விற்றால் அந்த மீதியில் ஒரு பகுதி நகரும். சேற்றை வடிகட்டி, நீர் நீக்கி, உலர்நிலையில் அடுக்கிவைக்கும் செலவு அப்போதும் மிஞ்சும்.