ஆற்றங்கரைத் திராட்சை

ஆற்றங்கரைத் திராட்சை (விட்டிஸ் ரிப்பாரியா) என்பது வட அமெரிக்காவின் ஆற்றோரங்களிலும் காட்டு விளிம்புகளிலும் தானாக வளரும் கொடியாகும். இதன் கருநீலப் பழங்கள் மிகச் சிறியவை, புளிப்பு மிகுந்தவை. கோடை இறுதி முதல் இவை உணவுக்காகப் பறிக்கப்படுகின்றன.

அடையாளம் காணுதல்

இதே இடங்களில் மெனிஸ்பெர்மம் கனடென்ஸ் எனும் நச்சுக் கொடியும் வளர்கிறது. அதன் பழக்கொத்து திராட்சைக் கொத்தைப் போலவே தோன்றும். உண்டால் உயிருக்கே ஆபத்து நேரலாம். நிறத்தைக் கொண்டு இரண்டையும் பிரித்தறிய இயலாது. பழத்தைப் பிளந்து விதையைப் பார்ப்பதே உறுதியான வழியாகும். திராட்சை விதைகள் பேரிக்காய் வடிவின. நச்சுப் பழத்தில் பிறைநிலவு போல் வளைந்த ஒரே ஒரு தட்டை விதை இருக்கும். (திராட்சையிலும் சிலவேளை ஒரு விதை மட்டும் இருப்பதுண்டு, எனவே எண்ணிக்கையை விட வடிவமே முக்கியம்.) மேலும், திராட்சைக் கொடியில் பற்றுக்கம்பிகளும் பல் விளிம்புள்ள இலைகளும் உண்டு, மற்றதில் இவ்விரண்டும் இல்லை. இரு கொடிகளும் பின்னி வளரக்கூடும் ஆதலால் ஒவ்வொரு கொத்தையும் சோதித்தல் வேண்டும்.

பயன்பாடு

பழத்தை எதற்குப் பயன்படுத்துவது என்பதை அது பழுத்த நிலையே தீர்மானிக்கிறது. முழுதும் பழுக்காதவற்றில் பெக்டின் மிகுதி. ஆகவே அவை ஜெல்லிக்கு ஏற்றவை. நன்கு பழுத்தவை, குறிப்பாக முதல் உறைபனிக்குப் பின் பறித்தவை, இனிப்புக் கூடியிருப்பதால் சாறுக்கும் மதுவுக்கும் உகந்தவை. சாற்றைக் குளிரில் ஓரிரவு வைத்தால் டார்டாரிக் அமிலத்தின் உப்பு அடியில் படியும். தெளிவை மட்டும் வடித்தெடுப்பர். இதைச் செய்யாவிடின் ஜெல்லியில் மணல் போன்ற படிகங்கள் தோன்றும்.

ஆண், பெண் மலர்கள் வெவ்வேறு கொடிகளில் பூப்பதால் ஆண் கொடியில் பழம் இராது. எனினும் அதன் இளம் இலைகளில் அரிசியைப் பொதிந்து சமைக்கலாம்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிலோக்சரா பூச்சி ஐரோப்பியத் திராட்சைத் தோட்டங்களை அழித்தபோது, அப்பூச்சியைத் தாங்கவல்ல இக்கொடி அங்கு ஒட்டுக் கட்டுவதற்கான வேர்ச்செடியாகப் பயன்பட்டது.