அரசாங்கக் கட்டடங்களில் இணை மின்னுற்பத்தி

ஒரே எரிபொருளைக்கொண்டு மின்சாரத்தையும் பயன்படத்தக்க உஷ்ணத்தையும் ஒருங்கே பெறும் முறை இணை மின்னுற்பத்தி எனப்படும். சாதாரண அனல்மின் நிலையங்களில் எரிபொருளின் சக்தியிற் பெரும்பகுதி புகைபோக்கி வழியாகவும் குளிர்விக்கும் நீர் வழியாகவும் விரயமாகிவிட, இம்முறையில் அவ்வுஷ்ணமும் நீராவியாகவோ வெந்நீராகவோ பிரயோஜனப்படுவதால், அச்சக்தியில் 65 முதல் 80 சதவீதம் வரை பயன் தருகிறது.

இரவு பகலாக மின்சாரமும் உஷ்ணமும் வேண்டப்படும் மருத்துவமனை, ஆராய்ச்சிசாலை, சிறைச்சாலை, ராணுவத் தளம் முதலிய அரசாங்க ஸ்தாபனங்களுக்கு இது மிகவும் ஏற்றது. தக்க சாதனங்கள் அமைந்திருப்பின், வெளி மின்சாரம் தடைப்படும் காலத்தும் தனித்து இயங்கவல்லது.

அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டனில் 1910 முதல் நடைபெற்றுவரும் காப்பிட்டல் மின்நிலையம் இதற்குச் சிறந்த உதாரணம். 1952இல் மின்னுற்பத்தியைக் கைவிட்டு, நீராவியும் குளிர்நீரும் மட்டுமே வழங்கிவந்த இந்நிலையத்தில், 7.5 மெகாவாட் திறனுள்ள இணை மின்னுற்பத்திப் பொறி 2018இல் இயங்கத் தொடங்கியது. இயற்கை எரிவாயு எரிந்து டர்பைனைச் சுழற்றி மின்சாரம் உண்டாக்க, அதிலிருந்து வெளிப்படும் வெவ்விய வாயு கொதிகலத்துட் புகுந்து நீரை ஆவியாக்க, அந்நீராவி நிலத்தடிச் சுரங்கங்களிற் செல்லும் குழாய்களின் வழியே காங்கிரஸ் மண்டபம், உச்ச நீதிமன்றம், காங்கிரஸ் நூலகம் ஆகியவற்றை அடைந்து குளிர்காலத்தில் வெதுவெதுப்பூட்டுகிறது.

நிர்மாணச் செலவு மிகுதி என்பதும், உஷ்ணத்தின் தேவை ஆண்டு முழுவதும் ஓரளவு சீராக இருத்தல் வேண்டும் என்பதும் இம்முறையின் வரம்புகளாம். எனினும், பொதுமக்களின் வரிப்பணத்தால் நடைபெறும் ஸ்தாபனங்கள், தகுதியான இடங்களிலெல்லாம் இதனைக் கைக்கொண்டு எரிபொருளின் விரயத்தைத் தவிர்ப்பது அவற்றின் கடமையேயாகும்.