தொப்புள்கொடியில் ஒரு துளி இரத்தம்



சிங்கப்பூரில் தமிழர் தேக்கா என்றழைக்கும் வட்டாரத்தை ஒட்டியுள்ளது கண்டாங் கெர்பாவ் மருத்துவமனை. மலாய் மொழியில் எருமைக் கொட்டில் என்பது அப்பெயரின் பொருள். 1966ஆம் ஆண்டில் மட்டும் அங்கே ஏறத்தாழ 40,000 குழந்தைகள் பிறந்தன. அதற்கு முந்தைய ஆண்டுகளில், பிறந்த சில நாளிலேயே காமாலை முற்றி மூளையைத் தாக்கி, சிங்கப்பூரில் பல குழந்தைகள் மாண்டன.

காரணம் என்ன? எலும்பு மஜ்ஜையிலுள்ள மூல உயிரணுக்களிலிருந்து சிவப்பணுக்கள் உண்டாகின்றன. அவற்றுக்கு உணவு சர்க்கரை ஒன்றே. அச்சர்க்கரையைக் கொண்டு அணுவுக்குக் கவசம் அமைத்துத் தருவது ஜி-6-பி-டி என்னும் நொதி. பரம்பரையாக அது குறைந்தவர்களுக்கு அந்துருண்டை நெடியாலும் சில மருந்துகளாலும் சிவப்பணுக்கள் உடைகின்றன. உடைந்த அணுக்களின் கழிவே காமாலையின் மஞ்சள்.

குழந்தை மருத்துவர் வோங் ஹாக் பூன் இத்தொடர்பை ஆராய்ந்தார். 1965 முதல், சிங்கப்பூரில் பிறக்கும் குழந்தைகளின் தொப்புள்கொடி இரத்தம் சோதிக்கப்படுகிறது. குறையுள்ள குழந்தைகளை மருத்துவமனையிலேயே வைத்துக் கண்காணித்தார்கள். மூளையைத் தாக்கும் காமாலை அருகிப்போயிற்று.

நம் லயத்து வீடுகளிலும் பெட்டித் துணிக்கு அந்துருண்டை இடுகிறோம். அத்துணியில் பச்சிளங் குழந்தையைச் சுற்றவேண்டாம். குழந்தையின் கண் மஞ்சளித்தால், மந்திரிக்கக் காத்திராமல் உடனே மருத்துவரிடம் கொண்டுசெல்வோம்.