செய்தியில் எழுவாயைத் தேடிய ஆசிரியை



‘எரிந்தன’ தன்வினை, ‘எரித்தனர்’ பிறவினை என்று மொழி வகுப்பில் படிக்கிறோம். ஆனால் ‘குடிசைகள் எரிந்தன’ என்று நாளேடு எழுதும்போது, எரித்தவர் எங்கே என்று கேட்க நமக்குக் கற்றுத்தருவதில்லை. அந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு.

ஐடா பி. வெல்ஸ் 1862இல் அமெரிக்காவின் மிசிசிப்பியில் அடிமையாகப் பிறந்தவர். மெம்பிஸ் நகரில் பள்ளி ஆசிரியை. கறுப்பினக் குழந்தைகளின் பள்ளிகள் இருந்த அவலத்தை ‘ஃப்ரீ ஸ்பீச்’ ஏட்டில் எழுதியதால் 1891இல் வேலையிழந்தார்.

1892 மார்ச்சில் அவருடைய நண்பர் தாமஸ் மாஸ் உட்பட மூவரை வெள்ளைக் கும்பல் சிறையிலிருந்து இழுத்துச்சென்று சுட்டுக்கொன்றது. வெள்ளையர் கடைக்குப் போட்டியாக மளிகைக்கடை நடத்தியதுதான் பகைக்கு வேர். வெள்ளையர் ஏடுகளோ அக்கடையைச் சூதாடிகளின் கூடாரம் என்று எழுதின.

இத்தகைய கும்பல் கொலைகளுக்கு ஏடுகள் வழக்கமாகச் சொன்ன நியாயம், வெள்ளைப் பெண்ணின் மானம். வெல்ஸ் கணக்கைப் பார்த்தார். எட்டாண்டுகளில் கொல்லப்பட்ட 728 பேரில் மூன்றில் ஒரு பங்கினர்மீதுதான் வன்புணர்ச்சிக் குற்றச்சாட்டே இருந்தது. கறுப்பினப் பெண்கள்மீது வெள்ளை ஆண்கள் இழைத்த வன்கொடுமை ஏன் யாரையும் கொதிக்கவைக்கவில்லை என்றும் கேட்டார். 1892 மே மாதம் அவருடைய ஏட்டின் அலுவலகம் சூறையாடப்பட்டது. அவர் ஓயவில்லை. 1895இல் வெளியான ‘ரெட் ரெக்கார்ட்’ நூலில், மிகைப்படுத்துகிறார் என்று எவரும் தள்ளிவிட முடியாதபடி, வெள்ளையர் நடத்திய ‘சிகாகோ ட்ரிப்யூன்’ திரட்டிய எண்களையே சான்றாக வைத்தார்.

அதே காலத்தில், 1893இல், சென்னையில் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். இழிவாக வீசப்பட்ட சொல்லையே இதழின் பெயராக்கினார். பிறர் எழுதும் செய்தியைச் சந்தேகிப்பதும் நம் செய்தியை நாமே எழுதுவதும் ஒரே வேலையின் இரு பகுதிகள்.

எங்கள் மாலை வகுப்புக்கு ஒரு மாணவி தன் தெருவைப் பற்றிய செய்தியைக் கொண்டுவந்தாள். ‘இரு தரப்பினரிடையே மோதல்’ என்றது தலைப்பு. அடித்தவரும் அடிபட்டவரும் ஒரே சொல்லுக்குள் சமமாகிவிட்டார்கள். அவள் தலையில் தையல் போடப்பட்ட தன் அண்ணனை வைத்து அந்த வாக்கியத்தைத் திருத்தி எழுதினாள். எழுவாய் வந்து சேர்ந்தது.

தேர்வில் இதற்கு மதிப்பெண் கிடையாது. கேள்வி கேட்ட ஆசிரியைக்கு அன்று வேலையும் நிலைக்கவில்லை. தெரிந்தேதான் இந்த வகுப்பை நடத்துகிறோம். நாளைக் காலை நாளேட்டை விரிக்கும்போது, தோழர்களே, முதலில் எழுவாயைத் தேடுங்கள்.