தமிழ்நாடு பிரீமியர் லீக்கின் தொடக்க அணிகள்

தமிழ்நாடு பிரீமியர் லீக் என்பது தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் 2016-ஆம் ஆண்டில் தொடங்கிய இருபது ஓவர் போட்டித் தொடர் ஆகும். தூத்துக்குடி, சேப்பாக்கம், திண்டுக்கல், காரைக்குடி, கோவை, மதுரை, காஞ்சி, திருவள்ளூர் ஆகிய எட்டுப் பெயர்களில் முதல் அணிகள் அமைந்தன.

அவ்வாண்டு ஆட்டங்கள் சென்னை, திருநெல்வேலி, நத்தம் ஆகிய மூன்று இடங்களில் மட்டுமே நடைபெற்றன. ஆகவே பெரும்பாலான அணிகள் தம் பெயரிலுள்ள ஊரில் ஆடவில்லை. திண்டுக்கல் டிராகன்ஸ் அணிக்கோ நத்தம் என்.பி.ஆர். கல்லூரி மைதானம் சொந்த மாவட்டத்திலேயே வாய்த்தது.

பின்னர் பல அணிகள் ஊர் மாறின. முதல் கோப்பையை வென்ற தூத்துக்குடி அணியே சேலம் ஸ்பார்ட்டன்ஸ் ஆனது. காரைக்குடி காளை, திருப்பூர் தமிழன்ஸ் ஆனது. காஞ்சி வாரியர்ஸ் திருச்சிக்குச் சென்றது. 2025 வரை தொடக்கப் பெயருடன் நீடித்தவை சேப்பாக் சூப்பர் கில்லீஸ், கோவை கிங்ஸ், திண்டுக்கல் டிராகன்ஸ் ஆகிய மூன்றே.

தொழில்முறை விளையாட்டில் இது புதிதன்று. கனடாவில் 1917-இல் தோன்றிய தேசிய ஐஸ் ஹாக்கி லீக்கின் முதல் பருவத்திலேயே, 1918 சனவரியில் மான்ட்ரியல் அரங்கம் எரிந்தது. அங்கு ஆடிய வாண்டரர்ஸ் அணி விலகி மறைந்தது. அதே அரங்கை இழந்த கனடியன்ஸ் அணி வேறிடம் தேடிக்கொண்டு இன்றும் ஆடுகிறது.

திண்டுக்கல் அணி 2018, 2019 இறுதிப் போட்டிகளில் தோற்றது. இரவிச்சந்திரன் அசுவின் தலைமையில் 2024-இல் முதன்முறையாகக் கோப்பையை வென்றது. 2025 இறுதிப் போட்டி நத்தத்திலேயே நடந்தது. அதில் திண்டுக்கல்லை வென்றது, ஊரும் பேரும் மாறிவந்த பழைய காரைக்குடி அணியான திருப்பூர் தமிழன்ஸ்.