விதைநெல்லும் மாதக் கடைசியும்

மாதக் கடைசி. நாலு நண்பர்கள் சாப்பிட வருகிறார்கள். சாம்பார், கத்தரிக்காய்க் கூட்டு, அப்பளம். 500 ரூபாய்க்குள் முடித்தாக வேண்டும். காய் நறுக்கும்போது புறநானூறு ஞாபகம் வந்தது.

316ஆம் பாட்டில் ஒரு தலைவன், நேற்று வந்த விருந்துக்குப் பழைய வாளை அடகு வைத்துவிட்டான், இன்றைக்கு யாழ். 333ஆம் பாட்டில் கைமாற்றும் கிடைக்காத வீட்டில், விதைக்கு வைத்த தினை உரலுக்குப் போகிறது. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில், இளையான்குடி மாறனார் பகலில் விதைத்த நெல்லை மழை இரவில் வாரி வருகிறார். விறகில்லாமல் வீட்டுக் கூரைக் கம்பை அறுத்துப் போடுகிறார்.

விருந்தோம்பல் என்று பெருமைப்படுகிறோம். சரி, ஆனா செலவுக் கணக்கைச் சுமந்தது யாரு? தினையை உரலில் இட்டவள் வீட்டுக்காரி. விதைநெல்லை வாரலாம் என்று வழி சொன்னதே மாறனாரின் மனைவி. ஈரநெல்லை வறுத்து, குத்தி, சமைத்ததும் அவர்தான். 63 நாயன்மாரில் இடம் மாறனாருக்கு.

எங்க வீட்டிலும் விருந்தாளி வந்தால் அம்மா கடைசியில்தான் உட்காருவார். "எனக்குப் பசிக்கலடா" என்பார். ரொம்ப நாள் அதை நம்பினேன்.

இன்னொரு ஆழாக்கு அரிசி கூடப் போட்டேன். குறைந்தால் இன்று என் தட்டில் குறையட்டும்.