எதிர்க்கரையில் மழையும் கூலியும்

புக்கிட் மெர்தாஜத்திலிருந்து சுங்கை பாக்காப்பை நோக்கித் தெற்கே செல்லும் பழைய நெடுஞ்சாலையில் அமைந்த சிம்பாங் அம்பாட்டையும் அதனைச் சூழ்ந்த பிரதேசத்தையும் பற்றிச் சரித்திரம் எழுதப் புகுவோர், 1800-ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனி கெடா சுல்தானிடமிருந்து, பினாங்குத் தீவுக்கு எதிரேயுள்ள இக்கரையைப் பெற்று வெல்லெஸ்லி மாகாணம் என்று பெயரிட்ட செய்தியிலிருந்தே தொடங்குவது வழக்கம். எனினும், இம்மண்ணில் எப்பயிர் நிலைக்கும், அப்பயிரில் பாடுபட்டவன் வீட்டில் என்றைக்கு உலை ஏறும் என்பவற்றை நிர்ணயித்ததில், உடன்படிக்கைகளைவிட மழைக்கும் கடலின் ஏற்றவற்றத்துக்குமே பெரும் பங்கு உண்டென்பது என் துணிபு.

காவிரிப் படுகையிலிருந்து இங்கே கூலிக்கு வந்த தமிழனுக்கு இவ்விடத்துச் சீதோஷ்ணம் விசித்திரமாகவே இருந்திருக்க வேண்டும். அவன் ஊரில் ஐப்பசி கார்த்திகை மழைக்காக ஆண்டெல்லாம் வானத்தைப் பார்ப்பது வழக்கம். இங்கேயோ ஜனவரி, பிப்ரவரியில் சிறிது ஓய்ந்து, ஏப்ரல், மே மாதங்களில் ஒருமுறையும், செப்டம்பருக்குப் பின் மறுமுறை இன்னும் வன்மையாகவும் கொட்டும் மழை, எந்த மாதத்திலும் முற்றாக விடைபெற்றுப் போவதில்லை.

இத்தகைய நிலத்தில் முதலில் கரும்பு பயிரிட்டவர்கள் தியோச்சூ சீனர்கள். அவர்களைப் பின்பற்றி 1840-களில் ஐரோப்பியத் துரைமார் வந்தனர். கரும்பு பயிரிடுவோர்க்கென 1848-இல் நூலொன்று வெளியிட்ட லெனார்ட் ரே என்பவரும் இம்மாகாணத்தில் அனுபவம் பெற்றவரே. வளரும்போது நீரையும் முற்றும்போது வறட்சியையும் வேண்டும் இயல்புடையது கரும்பு. இங்கே முதலாவது தாராளமாகக் கிடைத்தது, இரண்டாவது நம்பத்தக்கதாக இல்லை. முற்றும் சமயத்தில் மழை பெய்தால் சாறு நீர்த்துப் போகும். நீர்த்த சாற்றைக் காய்ச்சக் கூடுதலான விறகு வேண்டும். அவ்விறகுக்காகக் காடு அழிந்தது. வயல்களோ கடல் மட்டத்தை ஒட்டிய களிமண் பூமியாதலால், குறுக்கும் நெடுக்குமாக வாய்க்கால் வெட்டி, கடல் வற்றும்போது மதகைத் திறந்து நீரை வெளியேற்றி, ஏறும்போது அதனை அடைத்து வைத்தாலன்றிப் பயிரைக் காப்பது அசாத்தியமாயிற்று. வெட்டிய கரும்பைப் படகுகளில் ஆலைக்குக் கொண்டு சென்றதும் அவ்வாய்க்கால்களின் வழியேதான். மதகு அடைத்திருக்கும் வேளையில் பெருமழை பிடித்துக்கொண்டால் அந்த ஏற்பாடெல்லாம் பயனற்றுப் போய் நீர் தேங்கி நிற்கும்.

அவ்வாய்க்கால்களை மண்வெட்டி கொண்டு வெட்டிய கரங்களுள் பெரும்பாலானவை தமிழர் கரங்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேறி ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களிற் பலரை ஊரைவிட்டுக் கிளப்பியது கடனும் வறட்சியுமே. தாது வருஷப் பஞ்சம் கிராமங்களைக் காலியாக்கிய 1876 முதல் 1878 வரையிலான காலத்தை இங்கே நினைவிற்கொள்ளுதல் தகும். மழையின்மையால் ஊரிழந்தவன், மழை மிகுந்த சேற்றில் இடுப்பளவு நின்று வேலை செய்யும்படியாயிற்று. காய்ச்சலிலும் வயிற்றுக்கடுப்பிலும் படுத்த நாளுக்குக் கூலி கிடையாது; ஒப்பந்தத்தின் கணக்கில் அந்நாள் சேராது. ஊரில் மழை வேண்டி எந்த மாரியம்மனுக்குப் பொங்கலிட்டானோ, அவளுக்கே இங்கும் கோயில் எழுப்பினான் என்பதை எண்ணும்போது என் நெஞ்சு கனக்கிறது.

சர்க்கரையின் விலை வீழ்ந்ததும், 1877-இல் சிங்கப்பூரை அடைந்த சில ரப்பர் நாற்றுகளின் வம்சம் மலாயாவெங்கும் பரவியதும், வால்டோர், கலிடோனியா முதலிய கரும்புத் தோட்டங்களின் விருத்தாந்தத்தை மாற்றிவிட்டன. இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலேயே கரும்பின் இடத்தில் ரப்பர் ஏறத் தொடங்கியது. 1910-இல் ஒப்பந்தக் கூலி முறையும் ஒழிந்து, கங்காணிகள் ஊர் ஊராகச் சென்று ஆள் திரட்டுவதே வழியாயிற்று.

மழைக்கும் கூலிக்கும் உள்ள விரோதம் முழு உருவில் வெளிப்பட்டது பால்மரத்தினடியில்தான். பால் நன்கு சுரப்பது விடியற்காலையில். ஆகையால் இருட்டிலேயே பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டுத் தத்தம் நிரைக்குப் போய்விட வேண்டும். மலாக்கா நீரிணையின்மேல் திரண்டு விடிவதற்குள் கரையேறிவிடும் ‘சுமத்ரா’ என்னும் காற்றுமழையோ பெரும்பாலும் அதே வேளையில்தான் வரும். பட்டை நனைந்திருந்தால் வெட்டக்கூடாது. வெட்டினால் பால் கோட்டின் வழியே மங்கு என்னும் கிண்ணத்துக்கு இறங்காமல் மரமெங்கும் வழிந்து வீணாகும், வெட்டுவாயில் பூஞ்சணமும் பற்றும். பட்டை காயக் காத்திருந்தால் வெயில் ஏறிப் பால் குறையும். வெட்டி முடித்தபின் மழை வந்தாலோ, மங்கிலுள்ள பால் நீரோடு கலந்து வழிந்தோட, காண்டா என்னும் தோள்தடியில் தொங்கும் வாளிகள் பாதி வெறுமையாகவே ஸ்டோருக்குத் திரும்பும். இவற்றுள் எது நேர்ந்தாலும் நஷ்டம் வெட்டுபவனுடையது, ஏனெனில் அவனுடைய கூலி தினக்கூலி. மழை ஓயும் ஆண்டுத் தொடக்கத்திலும் அவனுக்கு நிம்மதியில்லை: அப்போதுதான் மரம் இலையுதிர்த்து, புதுத் தளிர் முற்றும்வரை பாலைக் குறைத்துக்கொள்ளும்.

மழைநாளில் லயத்து வாசலில் உட்கார்ந்து, தோட்டக் கணக்கரான கிராணியின் புத்தகத்தில் தன் பெயருக்கெதிரே அன்று ஒன்றும் எழுதப்படாது என்றறிந்திருந்த குடும்பத் தலைவனின் மனவேதனை, ஏற்றுமதிக் கணக்குகள் எதிலும் பதிவாகவில்லை. 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவான பின்னரும், வானிலை எப்படியிருப்பினும் மாதச் சம்பளம் வேண்டும் என்ற கோரிக்கை பல பத்தாண்டுகள் கோரிக்கையாகவே நீடித்தது. தோட்டத்தின் லாபத்தில் பங்கில்லாதவன் தலையில் அதன் வானிலை நஷ்டத்தை மட்டும் சுமத்தியது அநீதி என்று கூற நான் தயங்கவில்லை.

பிற்பாடு ரப்பரை அகற்றிச் செம்பனை நட்டார்கள். இம்மரம் மழையை விரும்புவது. அதனை வாட்டுவது வறட்சியே, அதிலும் வறட்சியின் விளைவு உடனே தோன்றாமல் ஓராண்டு, ஈராண்டு கழித்துக் குலைகளின் குறைவாக வெளிப்படும். அதற்குள் தோட்டத் தமிழருட் பலர் பட்டணத்துக்குப் பெயர்ந்துவிட்டனர். 2014-இல் பத்து காவானில் பினாங்குத் தீவுக்கான இரண்டாம் பாலம் திறக்கப்பட்டபின், தோட்டங்கள் இருந்த இடத்தில் தொழிற்சாலைகளும் வீடமைப்புகளும் விரைந்து எழுந்தன. 2017 நவம்பரில் ஓரிரவு மழை பினாங்கையும் எதிர்க்கரையையும் வெள்ளக்காடாக்கியபோது வீடுகளுக்குள் நீர் புகுந்து அவதியுற்றவர்கள், கரும்புக் காலத்தில் மதகும் வாய்க்காலும் இல்லாமல் ஒரு பருவமும் பிழைக்கமுடியாதிருந்த அதே தாழ்நிலக் கரையின் குடிகளே.